வானொலிச் சாமியார் காக்லின்: வளர்த்தது யார், நிறுத்தியது யார்

1930களில் அமெரிக்க வானொலியில் பேசிப் புகழ்பெற்ற கத்தோலிக்கக் குரு ஃபாதர் சார்லஸ் காக்லினைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1938 நவம்பரிலிருந்து ஆரம்பிப்பார்கள். யூதர்களுக்கு எதிராக அவர் வானொலியில் பேசிய பேச்சு, அதற்கடுத்து நியூயார்க் தெருக்களில் நடந்த அடிதடி, அப்புறம் அவர் பெயரைச் சொல்லித் துப்பாக்கி சேர்த்த ஒரு கும்பல். அங்கிருந்து தொடங்கினால், ஆள் ஒரு வெறியர், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அதற்கு நாலைந்து வருடம் முன்பு இதே மனிதரை அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆட்கள் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், வேலை இழந்த தொழிலாளிகள் தங்கள் கடைசி டாலரை உறையில் போட்டு அவருக்கு அனுப்பினார்கள், அவருடைய ஆயர் (பிஷப்) அவரைக் கடவுள் தந்த பரிசு போல நினைத்தார். இந்த இரண்டு காக்லினும் ஒரே ஆள்தான். அதனால் 1926இலிருந்து வருவோம்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், என் வாசிப்பு இதுதான்: காக்லினை உண்மைத் தகவல்கள் நிறுத்தவில்லை, தேர்தல் தோல்வி நிறுத்தவில்லை, எதிர்த்துப் பேசியவர்களும் நிறுத்தவில்லை. அவர் பேச்சு போய்ச் சேரும் வழிகளைக் கையில் வைத்திருந்த மூன்று தரப்பு, அதாவது வானொலி நிலைய முதலாளிகள், தபால் துறை, அவருடைய பேராயர், இவர்கள்தான் நிறுத்தினார்கள். அதுவும் மிகவும் தாமதமாக.

ராயல் ஓக்கில் ஒரு சின்னப் பங்கு

காக்லின் 1891இல் கனடாவின் ஹாமில்டனில் ஐரிஷ் வம்சாவளிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். டொராண்டோவில் படித்து, 1916இல் குருப்பட்டம் பெற்று, வின்ட்சர் நகரில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் பாடம் நடத்தினார். வின்ட்சரிலிருந்து ஆற்றைத் தாண்டினால் டெட்ராய்ட். 1923இல் தன் துறவற சபையை விட்டு டெட்ராய்ட் மறைமாவட்டத்தில் சேர்ந்தார். 1926இல் ஆயர் மைக்கேல் கல்லகர், நகருக்கு வடக்கே ராயல் ஓக் என்ற புறநகரில் ஒரு புதுக் கோயிலைக் கட்டச் சொல்லி அவரை அனுப்பினார். அதற்கு முந்தின வருடம்தான் லிசியேவின் குழந்தை தெரேசா புனிதராக அறிவிக்கப்பட்டிருந்தார். அவரைச் சிறுமலர் என்பார்கள், கோயிலுக்கும் அந்தப் பெயர்தான், சிறுமலர் ஆலயம்.

பங்கில், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த வட்டாரத்தில், இருந்தவை ஏறக்குறைய முப்பது குடும்பங்கள். கட்டடக் கடனோ பெரிது. அந்தக் காலத்து மிச்சிகனில் கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளையின வெறி அமைப்பு நன்றாக வேர்விட்டிருந்தது, அவர்களுக்குக் கறுப்பர்களையும் யூதர்களையும் போலவே கத்தோலிக்கர்களையும் பிடிக்காது. கோயில் வாசலில் அவர்கள் சிலுவையைக் கொளுத்தியதாகவும், அதைப் பார்த்துத்தான் வானொலியில் பேச முடிவெடுத்ததாகவும் காக்லின் பிற்பாடு சொல்வார். கதை கொஞ்சம் மெருகேறியிருக்கலாம், ஆனால் கிளானின் பயம் நிஜம். வெறுப்புக்கு இலக்கான ஒரு சிறுபான்மையின் குரலாகத்தான் இவர் ஒலிவாங்கி முன்னால் வந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1926 அக்டோபர் 17 அன்று டெட்ராய்ட்டின் டபிள்யூ.ஜே.ஆர். நிலையத்தில் முதல் ஒலிபரப்பு. நிலைய மேலாளர் லியோ ஃபிட்ஸ்பேட்ரிக் அவருக்கு நண்பரானார். ஆரம்பத்தில் எல்லாம் பிள்ளைகளுக்கான மறைக்கல்வி, புனிதர்கள் கதை, குடும்ப ஒழுக்கம், இந்த மாதிரிதான். மூன்று வருடத்துக்கு மேல் அரசியலே கிடையாது. இருந்தும் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன, காரணம் அந்தக் குரல். ஐரிஷ் சாயல் கொண்ட, உருண்டு வருகிற, சில எழுத்துகளை இழுத்து உச்சரிக்கிற குரல் என்று கேட்டவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. கேட்டுப் பார்த்தால், முதல் பத்து நிமிடம் மிக நிதானமாகப் போகும், பிறகு படிப்படியாக ஏறும், கடைசியில் கத்தல். மேடைப் பேச்சு கேட்டு வளர்ந்த நமக்கு அந்த உத்தி உடனே பிடிபடும்.

பசியும் கோபமும் நிஜம்

1929 அக்டோபரில் பங்குச்சந்தை விழுந்தது. டெட்ராய்ட்டுக்கு அது வேறு ஊர்களைவிடப் பயங்கரமான அடி, ஏனென்றால் ஊரே கார் செய்து பிழைத்தது. அமெரிக்கா முழுக்க 1929இல் 50 லட்சத்துக்கும் மேல் வாகனங்கள் தயாராயின, 1932இல் அது 13 லட்சம் அளவுக்குச் சரிந்தது. 1933இல் நாட்டில் நாலில் ஒரு தொழிலாளிக்கு வேலை இல்லை. வங்கிகள் மூடின, சேமிப்பு போனது.

காக்லின் 1930 ஜனவரியில் முதன்முறையாக அரசியல் பேசினார், கம்யூனிசத்தைத் திட்டி. ஆனால் அவர் பேச்சின் விசேஷம், கம்யூனிசத்தை மட்டும் திட்டிவிட்டுப் போகவில்லை. பேராசைபிடித்த முதலாளிதான் தொழிலாளியைக் கம்யூனிஸ்டாக மாற்றுகிறான் என்றார். இதற்கு அவருக்குப் பின்பலமாகத் திருச்சபையின் ஆவணங்களே இருந்தன. 1891இல் போப் பதின்மூன்றாம் சிங்கராயர் (லியோ) வெளியிட்ட சுற்றுமடல், தொழிலாளியின் நியாயமான கூலியையும் சங்கம் சேரும் உரிமையையும் பேசியது. 1931இல் போப் பதினோராம் பத்திநாதரும் (பயஸ்) அதே வழியில் இன்னொன்று எழுதினார். பெரும்பாலான கத்தோலிக்கர்கள் அதுவரை அவற்றைப் படித்ததே இல்லை. காக்லின் அவற்றைச் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்தார். இதை அவருடைய சாதனை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொரு காரணத்தையும் விட்டுவிடக் கூடாது. 1928 அதிபர் தேர்தலில் ஆல் ஸ்மித் என்ற கத்தோலிக்கர் நின்று மோசமாகத் தோற்றார், போப்பின் கைப்பாவை வெள்ளை மாளிகைக்கு வருகிறான் என்றெல்லாம் அவருக்கு எதிராகப் பிரச்சாரம் நடந்தது. அந்தக் காயம் ஆறுவதற்குள் ஒரு கத்தோலிக்கச் சாமியார் பேச, புராட்டஸ்டண்டுகள் உட்பட நாடே உட்கார்ந்து கேட்கிறது. பாஸ்டனிலும் புரூக்ளினிலும் இருந்த ஐரிஷ் குடும்பங்களுக்கு, என்ன பேசுகிறார் என்பதற்கு முன்னால் நம்மாள் பேசுகிறார் என்பதே பெரிய விஷயம். பின்னால் அவர் எங்கெங்கோ போனபோதும் இவர்களில் பலர் விடாமல் கூடவே போனதற்கு இது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

சி.பி.எஸ். கதவைச் சாத்தியதால் வந்த லாபம்

1930இல் சி.பி.எஸ். வானொலி வலையமைப்பு அவரை எடுத்துக்கொண்டது, குரல் நாடு முழுக்கப் போனது. 1931 ஜனவரியில், கொஞ்சம் அடக்கி வாசியுங்கள் என்று நிறுவனம் கேட்டுக்கொண்டது. காக்லின் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஞாயிறு திட்டமிட்ட பேச்சை ஒதுக்கிவிட்டு, என் வாயைக் கட்டப் பார்க்கிறார்கள் என்பதையே பேச்சாக்கினார். கடிதங்கள் பத்து லட்சத்தைத் தாண்டிக் குவிந்ததாகச் சொன்னார்கள். அடுத்த வாரம், முதல் உலகப்போரை முடித்த வெர்சாய் ஒப்பந்தத்தைக் கிழித்தெடுக்கும் அந்தப் பேச்சை முழுசாகப் பேசி முடித்தார்.

அந்த வருடமே சி.பி.எஸ். அவரைக் கைவிட்டது. நேரடியாக வெளியே தள்ளப் பயம், அதனால் மத நேரத்தைக் காசுக்கு விற்பதில்லை, எல்லா மதப்பிரிவுகளுக்கும் முறைவைத்து இலவசமாகத் தருவோம் என்று கொள்கையை மாற்றிக்கொண்டார்கள். இன்னொரு பெரிய வலையமைப்பான என்.பி.சி.யும் மறுத்தது. இதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. டபிள்யூ.ஜே.ஆரை மையமாக வைத்து, தொலைபேசிக் கம்பிகளை வாடகைக்கு எடுத்து, தனித்தனி நிலையங்களிடம் தனித்தனியாக நேரம் வாங்கித் தனக்கென்று ஒரு வலையமைப்பை உருவாக்கினார். இருபது, முப்பது நிலையங்கள் என்று அது வளர்ந்தது. ஞாயிறு பிற்பகல், ஆர்கன் இசை, பேச்சு, கடைசியில் ஒரு வேண்டுகோள். விளம்பரதாரர் கிடையாது. சிறுமலர் வானொலி சங்கத்தில் வருடத்துக்கு ஒரு டாலர் கட்டினால் நீங்கள் உறுப்பினர். பேச்சின் அச்சுப் பிரதியை எழுதிக் கேட்டால் அனுப்பிவைப்பார்கள். உச்ச காலத்தில் வாரத்துக்குச் சராசரியாக 80,000 கடிதங்கள் வந்தன, பிரிப்பதற்கே நூறு பேருக்கு மேல் குமாஸ்தாக்கள் வேண்டியிருந்தது. கேட்டவர்கள் 3 கோடி வரை இருக்கும் என்று அன்றைய மதிப்பீடு. பெரிய கற்கோபுரம் 1931இலேயே எழுந்துவிட்டது, எண்கோணக் கோயில் 1936இல் முடிந்தது.

இந்த அமைப்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைக் கவனிக்காவிட்டால் அரசு ஏன் கையைக் கட்டிக்கொண்டு நின்றது என்பது புரியாது. அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலஸில் பாப் ஷுலர் என்று ஒரு மெதடிஸ்ட் போதகர் இருந்தார். கத்தோலிக்கர், யூதர், நீதிபதி, மேயர் என்று யாரையும் விடாமல் வானொலியில் தாக்குவார். 1931இல் மத்திய வானொலி ஆணையம் அவர் நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது, நீதிமன்றமும் அதை ஏற்றது, கதை முடிந்தது. ஷுலரிடம் நிலையம் இருந்தது, அதனால் பறிக்க ஓர் உரிமம் இருந்தது. காக்லினிடம் நிலையமே இல்லை. அவர் வெறும் வாடிக்கையாளர், காசு கொடுத்து நேரம் வாங்குகிறவர். எதைப் பறிப்பது?

ரூஸ்வெல்ட்டுடன் தேனிலவு

இதை வேகமாகச் சொல்லிவிடலாம். 1932இல் அன்றைய அதிபர் ஹூவரைப் போட்டுத் தாக்கி, ரூஸ்வெல்ட் இல்லையேல் நாசம் என்று முழங்கினார். டெட்ராய்ட் மேயர் ஃபிராங்க் மர்ஃபி இருவருக்கும் இடையில் பாலம். ரூஸ்வெல்ட் பதவியேற்றதும் அவருடைய ‘நியூ டீல்’ பொருளாதார மீட்புத் திட்டத்தைக் கிறிஸ்துவின் திட்டம் என்றே காக்லின் புகழ்ந்தார். தன்னை அதிபரின் ஆலோசகர்களில் ஒருவர் என்று நினைத்துக்கொண்டார், அந்தப் பக்கமோ இனிக்கப் பேசி வாக்குகளை வாங்கிக்கொண்டதோடு சரி.

விரிசல் பணக் கொள்கையில் வந்தது. நாணயத்தின் மதிப்பைக் குறைக்க வேண்டும், தங்கத்தோடு வெள்ளியையும் நாணயத்துக்கு ஆதாரமாக்க வேண்டும் என்பது காக்லினின் நீண்டகாலக் கோரிக்கை. 1934இல் கருவூலச் செயலர் ஹென்றி மார்கென்தாவ், வெள்ளியைப் பதுக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலை வெளியிட்டார். அதில் காக்லினின் செயலாளர் பெயரில், வானொலி சங்கத்துக்காக 5,00,000 அவுன்ஸ் வெள்ளி! ஏழைகளுக்காக வெள்ளி வெள்ளி என்று ஞாயிறுதோறும் பேசியவரின் அலுவலகமே வெள்ளி விலை ஏறும் என்று முதலீடு செய்திருந்தது. இன்றைக்கு இப்படி ஒன்று வந்தால் ஆளைக் கிழித்துவிடுவார்கள் என்று தோன்றும். அன்றும் பத்திரிகைகள் கிழித்தன. கேட்பவர்களிடம் ஒன்றும் ஒட்டவில்லை, பத்திரிகைகள் எல்லாம் வங்கிக்காரர்களின் பத்திரிகைகள்தானே என்று அவர் ஏற்கனவே சொல்லி வைத்திருந்தாரே.

1934 நவம்பர் 11 அன்று சமூக நீதிக்கான தேசிய ஒன்றியத்தைத் தொடங்கி 16 கொள்கைகளை அறிவித்தார். உழைப்பவனுக்கு வாழ்வதற்குப் போதுமான ஆண்டுக் கூலி, தனியார் கையிலிருக்கும் மத்திய வங்கியை ஒழிப்பது, சொத்துரிமைக்கு மேல் மனித உரிமை. வாசித்தால் பாதிக்குமேல் தலையாட்டத் தோன்றும்.

அவருடைய நிஜமான பலம் தெரிந்தது 1935 ஜனவரியில். உலக நீதிமன்றத்தில் அமெரிக்கா சேரும் தீர்மானம் செனட்டில் நிறைவேறிவிடும் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். வாக்கெடுப்புக்கு முந்தின ஞாயிறு காக்லின், உங்கள் செனட்டருக்கு இன்றே தந்தி அடியுங்கள் என்றார். தந்திகள் வாஷிங்டனை மூழ்கடித்தன. ஜனவரி 29 அன்று 52 பேர் ஆதரவு, 36 பேர் எதிர்ப்பு, மூன்றில் இரண்டு பங்குக்கு ஏழு வாக்கு குறைவு. பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட்டின் பத்திரிகைகளும் லூசியானா செனட்டர் ஹ்யூயி லாங்கும் கூடச் சேர்ந்து வேலை செய்தார்கள்தான், ஆனாலும் ஒரு பங்குச் சாமியார் அதிபரின் வெளியுறவுக் கொள்கையை ஒரே ஞாயிறில் கவிழ்க்க முடியும் என்ற பயம் அன்றுதான் வந்தது.

எதிரியின் நாற்காலி

பலர் கேட்பது, நல்லவராக இருந்தவர் எப்போது மாறினார் என்று. கேள்வியே தப்பு என்பது என் கருத்து. 1930லிருந்தே அவர் சொன்ன கதையின் அமைப்பு ஒன்றுதான்: உங்கள் துன்பம் தானாக வந்ததல்ல, எங்கோ மறைவில் ஒரு சின்னக் கூட்டம் அதைத் திட்டமிட்டுச் செய்கிறது. அந்தக் கதையில் எதிரிக்கென்று ஒரு நாற்காலி நிரந்தரமாகப் போடப்பட்டிருந்தது, உட்கார்ந்தவர்கள்தான் மாறிக்கொண்டிருந்தார்கள். முதலில் கம்யூனிஸ்ட், பிறகு ஹூவர், டெட்ராய்ட் வங்கியாளர்கள், சர்வதேசப் பணமுதலைகள், ரூஸ்வெல்ட். பணமுதலைகளின் பெயர் சொல்லும்போது ராத்ஸ்சைல்ட், குன் லோப் என்று யூதப் பெயர்களாகத் தேர்ந்தெடுப்பது ஆரம்பத்திலேயே இருந்தது, காது உள்ளவர்கள் கேட்டிருப்பார்கள்.

1936இல் கட்சி அரசியலில் குதித்தார். யூனியன் கட்சி, வேட்பாளர் வடக்கு டகோட்டாவின் வில்லியம் லெம்கி. கூட்டாளிகள், முதியோர் ஓய்வூதிய இயக்கத்தின் டாக்டர் டவுன்சென்ட், சுட்டுக்கொல்லப்பட்ட ஹ்யூயி லாங்கின் பழைய ஆள் ஜெரால்டு எல்.கே. ஸ்மித். அந்த ஜூலையில் கிளீவ்லாந்து மாநாட்டில், வெயிலில் வியர்த்து, குருக்கள் அணியும் கழுத்துப்பட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ரூஸ்வெல்ட்டைத் துரோகி, பொய்யன் என்று கத்தினார். பிறகு மன்னிப்புக் கடிதம் எழுதினார், அப்புறம் பழையபடி ஆரம்பித்தார். லெம்கிக்கு 90 லட்சம் வாக்கு வாங்கித் தராவிட்டால் வானொலியை விட்டே போகிறேன் என்று சவால் வேறு. கிடைத்தது 9 லட்சத்துக்கும் கீழே, இரண்டு சதவீதம்கூட இல்லை. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். கேட்கிற கூட்டம் வேறு, வாக்குப் போடுகிற கூட்டம் வேறு. அதை அவர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். நவம்பரில் விடைபெற்றவர் ஜனவரியில் திரும்பி வந்துவிட்டார்.

தோல்விக்குப் பிறகு கூட்டம் சுருங்கியது, சுருங்கியது இறுகியது. ஜனநாயகத்தின் மேல் இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போனது. 1938 ஜூலையில் அவருடைய வாரப் பத்திரிகை ‘சமூக நீதி’, சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள் என்ற ஆவணத்தைத் தொடராக வெளியிடத் தொடங்கியது. யூதர்கள் உலகத்தைக் கைப்பற்றச் சதி செய்வதாகச் சொல்லும் அந்த ஆவணம் முழுப் பொய், பழைய பிரெஞ்சு அரசியல் நையாண்டி ஒன்றிலிருந்து திருடி எழுதியது என்று லண்டன் டைம்ஸ் 1921இலேயே பத்தி பத்தியாக நிரூபித்திருந்தது. டெட்ராய்ட்டின் இன்னொரு புறநகரான டியர்பார்னிலிருந்து ஹென்றி ஃபோர்டின் பத்திரிகை 1920களில் அதே சரக்கை விற்று, 1927இல் ஃபோர்டு மன்னிப்புக் கேட்டு முடித்திருந்தார். காக்லினுக்கு இதெல்லாம் தெரியும். அவர் சொன்ன பதில்தான் முக்கியம்: ஆவணம் அசலா போலியா என்று நான் வாதிடவில்லை, அதில் எழுதியிருப்பது இன்று நடக்கிறதா இல்லையா என்று பாருங்கள். இந்த வாதத்தை எந்த ஆதாரத்தாலும் உடைக்க முடியாது, ஏனென்றால் அது ஆதாரத்தின்மேல் நிற்கவே இல்லை. இன்றும் வாட்ஸாப்பில் ஒரு பொய்யைச் சுட்டிக்காட்டினால் வரும் பதில் இதேதான்.

1938 நவம்பர் 20

நவம்பர் 9, 10 தேதிகளில் ஜெர்மனியெங்கும் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிந்தன, கடைகள் நொறுக்கப்பட்டன, ஆயிரக்கணக்கான யூத ஆண்களை வதை முகாம்களுக்கு இழுத்துப் போனார்கள். பத்து நாள் கழித்து காக்லின் பேசினார். வன்முறையைக் கண்டிப்பது போலவே ஆரம்பம். பிறகு ஒரு கேள்வி, ஏன் இப்படி நடக்கிறது? நாஜிசம் என்பது கம்யூனிசத்துக்கு எதிரான தற்காப்பு, கம்யூனிசத்தைக் கொண்டுவந்ததில் யூதர்களின் கை இருக்கிறது, ரஷ்யப் புரட்சிக்கு நியூயார்க்கின் யூத வங்கி காசு கொடுத்தது, கிறிஸ்தவர்கள் ரஷ்யாவில் கொல்லப்பட்டபோது உலகம் மௌனமாக இருந்தது. ஆக, அடி வாங்கியவன்தான் குற்றவாளி. அவர் காட்டிய பட்டியல்களில் சில நேராக நாஜிப் பிரச்சார வெளியீடுகளிலிருந்து வந்தவை.

நியூயார்க்கின் டபிள்யூ.எம்.சி.ஏ. நிலையம், பேச்சு முடிந்தவுடனேயே, காக்லின் சொன்னதில் தகவல் பிழைகள் இருக்கின்றன என்று அறிவித்தது. அடுத்த வாரத்திலிருந்து பேச்சின் பிரதியை முன்கூட்டியே காட்டாமல் ஒலிபரப்ப மாட்டோம் என்றது. சிகாகோவிலும் இரண்டு நிலையங்கள் மறுத்தன. உடனே ஆயிரக்கணக்கானவர்கள் டபிள்யூ.எம்.சி.ஏ. வாசலில் மறியல், ஞாயிறுதோறும், மாதக்கணக்கில். யூதக் கடைகளில் வாங்காதே என்ற கோஷம். ஜெர்மனியின் நாஜிப் பத்திரிகைகள் காக்லினைக் கொண்டாடின. டிசம்பர் 5 இதழில் அவர் பத்திரிகையில் அவர் பெயரில் வந்த கட்டுரையின் பகுதிகள், 1935இல் நியூரம்பெர்கில் நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் பேசிய பேச்சின் அச்சுப் பிரதி போலவே இருந்தன. ரோமின் போதனையைப் பேச வந்தவர் பெர்லினின் வாசகங்களைக் கடன் வாங்கும் இடத்துக்கு வந்திருந்தார்.

தெருவில் இறங்கியது கிறிஸ்தவ முன்னணி என்ற அமைப்பு, 1938இல் நியூயார்க் பக்கம் உருவானது. பெரும்பாலும் ஐரிஷ் கத்தோலிக்க இளைஞர்கள், சில ஜெர்மன்காரர்கள், காவல்துறைக்குள்ளும் அனுதாபிகள். சுரங்க ரயில் வாசல்களில் ‘சமூக நீதி’யை விற்பார்கள், யூதர்களைச் சீண்டுவார்கள், கைகலப்பு. 1940 ஜனவரியில் எஃப்.பி.ஐ. புரூக்ளினில் 17 பேரைப் பிடித்தது, ஆயுதம் சேர்த்து அரசைக் கவிழ்க்கச் சதி என்று வழக்கு. காக்லின் முதலில் எனக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை என்றார், சில நாளில் அவர்களோடு நிற்கிறேன் என்று மாற்றிப் பேசினார். ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அரசு வழக்கை ஊதிப் பெரிதாக்கியது என்று புரூக்ளின் ஜூரிக்குத் தோன்றியிருக்கலாம், ஜூரியிலேயே அனுதாபம் இருந்திருக்கலாம். இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

யாரால் தடுக்க முடிந்தது

திருச்சபைக்குள் எதிர்ப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். பாஸ்டன் கர்தினால் ஓ’கானல் வெகு ஆரம்பத்திலேயே கண்டித்தார். மோன்சிஞ்ஞோர் ஜான் ரயன், சமூக நீதிக் கொள்கைகளில் உண்மையிலேயே ஊறியவர், 1936இல் வானொலியிலேயே பதில் சொன்னார். சிகாகோ கர்தினால் முண்டலைன், 1938 டிசம்பரில், காக்லின் திருச்சபைக்காகப் பேசவில்லை என்று அறிக்கை விட்டார். ஆனால் திருச்சபைச் சட்டப்படி ஒரு மறைமாவட்டக் குருவுக்குத் தடை போடுவது அவருடைய ஆயரின் வேலை, பக்கத்து ஊர் கர்தினால் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கையைப் பிசைவதோடு சரி. ஆயர் கல்லகரோ தன் குருவுக்குக் கேடயமாகவே நின்றார். 1937 ஜனவரியில் அவர் இறந்தார். அடுத்து வந்தவர் எட்வர்டு மூனி, டெட்ராய்ட்டின் முதல் பேராயர், வத்திக்கான் தூதராக இந்தியாவிலும் ஜப்பானிலும் பணியாற்றிய அனுபவசாலி.

மூனி வந்த வருடமே ஒருமுறை வெளிப்படையாகக் கண்டித்தார். காக்லின் அந்தப் பருவத்து ஒலிபரப்புகளை ரத்து செய்துவிட்டு, என்னைப் பேசவிடவில்லை என்ற தோரணையில் ஒதுங்கினார். ரசிகர்கள் வத்திக்கான் வரை புகார் அனுப்பினார்கள். 1938 ஜனவரியில் அவர் மீண்டும் வானொலியில். மூனி அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம், இந்த ஆளைத் தியாகியாக்கிவிடக் கூடாது என்பது. நியாயமான பயம்தான், லட்சக்கணக்கான விசுவாசிகள் திருச்சபைக்கும் காக்லினுக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த நிதானத்தின் விலையை புரூக்ளின் தெருக்களில் அடிவாங்கிய யூதர்கள் கொடுத்தார்கள், டெட்ராய்ட் மறைமாவட்டம் கொடுக்கவில்லை. இந்த விஷயத்தில் மூனியை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

வானொலியை மூடியது ஒரு சாதாரண வணிக விதி. 1939 அக்டோபரில் அமலுக்கு வந்த ஒலிபரப்பாளர் சங்கத்தின் நடத்தை நெறி, சர்ச்சைக்குரிய பொது விஷயங்களுக்கு நேரத்தைக் காசுக்கு விற்கக் கூடாது என்றது. காக்லின் பெயர் அதில் எங்கும் இல்லை, ஆனால் யாருக்காக எழுதப்பட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். நிலையங்களுக்கு அரசின் தலையீட்டைப் பற்றிய பயம், அதனால் தாங்களே முந்திக்கொண்டார்கள். ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப்படாமல் போயின. 1940 செப்டம்பரில், இனி ஒலிபரப்பு இல்லை என்று அவரே அறிவித்தார். வாடிக்கையாளருக்கு விற்க மாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் அதற்குத் தணிக்கை என்று பெயர் வைக்கலாமா என்ற விவாதம் அப்போதே நடந்தது. காக்லினைப் பிடிக்காதவர்களிலேயே சிலருக்கு அந்த நெறி நெருடியது, ஏனென்றால் அதே விதியைக் காட்டித் தொழிற்சங்கங்களுக்கும் நேரம் மறுக்க முடிந்தது.

பத்திரிகை மிச்சம். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட பிறகும் ‘சமூக நீதி’ யூதர்களும் பிரிட்டனும்தான் போருக்குக் காரணம் என்று எழுதிக்கொண்டிருந்தது. 1942 ஏப்ரலில் அட்டர்னி ஜெனரல் ஃபிரான்சிஸ் பிடல் சொல்லி, தபால் துறை அதன் சலுகை விலை அஞ்சல் உரிமையை நிறுத்தியது. காக்லின் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லத் தயார் என்று மல்லுக்கு நின்றார். ஒரு குருவைத் தேசத்துரோக வழக்கில் கூண்டில் ஏற்றினால் போர்க்காலத்தில் கத்தோலிக்கர்கள் பிளவுபடுவார்கள் என்று ரூஸ்வெல்ட்டின் ஆட்கள் யோசித்தார்கள். லியோ கிரவுலி என்ற கத்தோலிக்க அதிகாரியை மூனியிடம் அனுப்பினார்கள். பேச்சு சட்டென்று முடிந்தது: அரசு வழக்குப் போடாது, பேராயர் அவரை அடக்குவார். மே மாதத் தொடக்கத்தில் மூனி உத்தரவிட்டார், பங்குப் பணியைத் தவிர வேறு எதுவும் கூடாது, மீறினால் குருத்துவப் பணியே போய்விடும்.

காக்லின் கீழ்ப்படிந்தார். பன்னிரண்டு வருடம் அதிபர்களையும் வங்கிகளையும் மிரட்டியவர், ஒரே ஒரு கடிதத்தில் நின்றுவிட்டார். அப்படியானால் 1938இலும் நின்றிருப்பாரா? அன்று மூனிக்கு அரசின் மிரட்டலும் போரும் துணைக்கு இல்லை என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனாலும் முயன்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

1966 வரை அதே கோயிலில் பங்குத்தந்தையாக இருந்து, பூசை வைத்து, கல்யாணம் நடத்தி வைத்து, 1979 அக்டோபரில் 88 வயதில் இறந்தார். 1942இல் அவர் வாய் மூடிய பிறகும் 1943இல் பாஸ்டனில் யூதச் சிறுவர்களை ஐரிஷ் இளைஞர் கும்பல்கள் அடிப்பது தொடர்ந்தது. ஜெரால்டு ஸ்மித் தனக்கென்று புதுப் பத்திரிகை தொடங்கி அதே சரக்கை இன்னும் முப்பது வருடம் விற்றார். 1944இல் வாஷிங்டனில் நடந்த பெரிய தேசத்துரோக வழக்கில் முப்பது பேரளவில் கூண்டில் நின்றார்கள், நாஜி பாணி அமைப்பான வெள்ளிச் சட்டைப் படையின் வில்லியம் டட்லி பெல்லி, கான்சாஸின் வானொலிப் போதகர் ஜெரால்டு வின்ராட் உட்பட. நடுவில் நீதிபதி இறந்துபோனதால் அந்த வழக்கும் தீர்ப்பில்லாமல் கலைந்தது. அந்தப் பட்டியலில் இருந்த எவரையும்விடப் பல மடங்கு பேரை எட்டிய காக்லினின் பெயர் அதில் இல்லை. மூனியோடு பேசி முடித்த கணக்கு அப்படி.